கை மட்டும் போதும்

"கை மட்டுந்தானா? மூஞ்சி வேண்டாமா?"

"வேண்டாம் பெரியப்பா. கை மட்டும் போதும்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்."

"பெறகு எதுக்குத்தா நான் விடியக்காலம் எந்திரிச்சுச் சவரம் பண்ணேன்? இங்கன பாரு, கீறல் வேற!"

ரத்தினசாமி தாடையைத் தூக்கிக் காட்டினார். கீறலின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. வேப்பமரத்தடியில் நின்ற மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பானுப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கழுத்தில் கேமரா தொங்கும்போது சிரிக்கக் கூடாது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். சிரித்தால் கேமரா ஆடும். ஆடினால் விழும். விழுந்தால் பாண்டிமீனா டீச்சருக்கு என்ன பதில் சொல்வது?

அது டீச்சரின் கேமரா. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி அனுப்பியது. பிலிம் ரோல் வேண்டாத டிஜிட்டல் கேமரா. எடுத்த படம் அப்போதே பின்பக்கத்துத் திரையில் தெரியும். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள பட்டாசு ஊர்களில் அப்போது அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் குறைவு. பானுவின் வீட்டுக்கு அது வந்த சனிக்கிழமை சாயங்காலம், அவள் அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்து மூடச் சொன்னாள்.

சூலக்கரையில் பள்ளிப் பிள்ளைகள் எடுத்த படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடக்க இருந்தது. கலெக்டரே வந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். தலைப்பு 'எங்கள் ஊர் இசை'. ஆறாம் வகுப்பில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் கோயில் ஒலிபெருக்கி என்றான். ஒருத்தி தன் பாட்டு வாத்தியாரின் முகம் என்றாள். பானு, "நம்ம ஊரு மேளக்காரங்க கை" என்றாள்.

"கையா? ஏன் கை?" என்று டீச்சர் கேட்டார்.

"திருவிழாக் கூட்டத்துல எனக்கு அதுதான் டீச்சர் தெரியும்."

வகுப்பே சிரித்தது. ஆனால் அது உண்மை. பானு வகுப்பிலேயே குள்ளம். கோயில் வாசலில் மேளம் வாசிக்கும்போது பெரியவர்களின் இடுப்புகளுக்கு நடுவே முண்டியடித்துக்கொண்டு நிற்பாள். அங்கிருந்து யாருடைய முகமும் தெரியாது. கொட்டுகளும் கைகளும்தான் தெரியும். அந்தக் கைகள் தினமும் பார்க்கிற கைகளைப் போல இருக்காது. அவற்றுக்குத் தனியாகக் கண் இருப்பதைப் போலவும், ஒன்றை ஒன்று கூப்பிட்டுப் பேசுவதைப் போலவும் இருக்கும்.

டீச்சர் வகுப்பை அடக்கினார். பிறகு, "ஞாயித்துக்கிழமை கேமரா உன்கிட்ட இருக்கட்டும். திங்கள் காலையில பிரேயருக்கு முன்னாடி என் கைக்கு வந்துரணும்" என்றார்.

ஊர் மேளத்தில் நான்கு பேர். ரத்தினசாமி பெரியப்பா தவில். ஊர்க்காவலன் சித்தப்பா நாதஸ்வரம். பானுவின் அப்பா வேலுச்சாமி உறுமி. பெத்தணன் மாமா பம்பை. அவர்களில் மூன்று பேருக்கு வாரம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் ஒத்திகை. பங்குனிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது மரத்தடியில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

"பெத்தணன் மாமா எங்கப்பா?" என்று பானு கேட்டாள்.

அப்பா உறுமியின் கயிற்றை இழுத்துக் கட்டியபடியே சொன்னார். "ஒத்திகைக்கு வருவான். போட்டாவுக்கு வரமாட்டான். நீ எங்க மூணு பேரையும் எடுத்துக்கோ."

"நாலு பேரு வாசிக்கிற மேளம்தான அப்பா? மூணு கையக் காட்டி இதுதான் எங்க ஊரு மேளம்னு சொன்னா, அது பொய்தான?"

அதற்குள் ரத்தினசாமி எழுந்துவிட்டார்.

"கைதான்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? செத்த இரு. இந்தா வாரேன்."

அவர் வீட்டுக்குப் போனார். அவர் பின்னாலேயே ஊர்க்காவலனும் போனார். அப்பாவும் உறுமியை வைத்துவிட்டு நழுவினார். மரத்தடியில் பானுவும் இரண்டு கொட்டுகளும் ஒரு நாதஸ்வரமும் மட்டும் மிச்சம்.

அவர்கள் திரும்பி வந்தபோது பானு திகைத்துப் போனாள்.

ரத்தினசாமியின் கைகள் முழங்கை வரை வெள்ளை வெளேர் என்று இருந்தன. பவுடர் டப்பாவில் பாதியைக் கொட்டிப் பூசியிருந்தார். வழக்கமாகப் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் முகத்துக்குப் பூசுவதை அவர் கைக்குப் பூசிவிட்டார். ஊர்க்காவலனின் விரலில் அவர் மனைவியின் கல் மோதிரம். அப்பாவின் கைகள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துச் சிவந்து கிடந்தன.

பானுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கம்பெனியில் பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அப்பாவின் நகக்கண்களில் எப்போதும் வெள்ளிநிறப் பொடி ஒட்டியிருக்கும். சோறு பிசையும்போது விளக்கு வெளிச்சத்தில் மீன் செதிள் மாதிரி மின்னும். அதைத்தான் அவள் எடுக்க ஆசைப்பட்டிருந்தாள்.

"ஏம்ப்பா தேச்சீக?"

"கலெக்டரு பாக்கப் போறாகல்ல? கம்பெனிக் கையோடயா போய் நிக்கிறது?"

"நீங்க எங்கப்பா போய் நிக்கப் போறீக? படந்தான நிக்கும்!"

"எல்லாம் ஒண்ணுதான்."

கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாய் எடுத்தாள். மூன்று பேரும் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, சத்துணவு வாங்க வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் போல நின்றார்கள். இதற்கு முன் யாரும் அவர்களிடம் உங்கள் கையைக் காட்டுங்கள் என்று கேட்டதில்லை. கேட்ட உடனே திருவிழாவுக்குப் புறப்படுவது போலக் கையைப் புறப்பட வைத்திருக்கிறார்கள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரி, வாசிங்க" என்றாள்.

"வாசிக்கணுமா? சும்மா நீட்டுனா ஆகாதா?"

"நீட்டுனா அது கை. வாசிச்சாத்தான் மேளக்காரர் கை."

முதலில் ஊர்க்காவலன் ஊதினார். மோதிரம் இறுக்கியதில் விரல் துளையை மூடவில்லை. முட்டையிடப் போகும் கோழியைப் போல ஒரு சத்தம் வந்தது.

"ஏலே, மோதிரத்தக் கழத்துலே!" என்றார் ரத்தினசாமி.

"கழலமாட்டேங்குதுண்ணே."

சோப்புத் தண்ணீர் வந்தது. அப்பா இழுத்தார், ரத்தினசாமி இழுத்தார். ஒரு வழியாகக் கழன்ற மோதிரம் மண்ணில் விழ, எல்லோரும் குனிந்து தேடி எடுத்தார்கள். அதன் பிறகுதான் நாதஸ்வரம் நாதஸ்வரமாகக் கேட்டது.

அடுத்து ரத்தினசாமி தவிலைத் தோளில் மாட்டினார். வலது கை விரல்களில் கூடுகளை மாட்டி, இடது கையில் குச்சியைப் பிடித்து, பளீர் என்று முதல் அடியைப் போட்டார்.

பொசுக்கென்று பவுடர் முழுவதும் பறந்தது.

இலைகளுக்கு இடையே இறங்கிய வெயிலில் வெள்ளைத் துகள்கள் சுழன்று மேலே போயின. அடுத்த அடியில் இன்னொரு வெள்ளைப் புகை. பானு புத்தகங்களில் எத்தனையோ தூர தேசங்களுக்குப் போய் வந்திருக்கிறாள். குதிரை வண்டியின் கூரையில் பனி விழும். பிள்ளைகள் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள். பனி எப்படி விழும் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபட்டதில்லை. இப்போது கந்தகம் மணக்கிற ஊரில், வேப்பமரத்தடியில், கீழிருந்து மேலாகப் பனி பெய்துகொண்டிருந்தது.

பொத்தானை அமுக்கினாள். அந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கிய உடனே எடுக்காது. கேள்வி கேட்டால் மெதுவாக எழுந்து நிற்கிற கடைசிப் பெஞ்சுப் பையனைப் போலக் கொஞ்சம் யோசித்துவிட்டு எடுக்கும். திரையில் பார்த்தால் பனி அடங்கிப்போய் வெறும் தவில் இருந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் வெறும் தவில். பிறகு அவளுக்கு விஷயம் புரிந்தது. அடி விழுவதற்குச் சற்று முன்பே அமுக்க வேண்டும். கண்ணை மூடித் தாளத்தைக் காதில் வாங்கி, அடுத்த அடி எப்போது வரும் என்று மனதுக்குள் எண்ணி அமுக்கினாள்.

படம் வந்தது. வெள்ளை மேகத்துக்குள்ளிருந்து ஐந்து விரல்கள் இறங்கிவந்தன.

மூன்று பேரும் திரையைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டார்கள்.

"இது என் கையாத்தா?" என்றார் ரத்தினசாமி மெதுவாக. "சாமி கை மாதிரில்ல இருக்கு!"

"பாதி டப்பா பவுடருக்குச் சாமி வந்துருச்சு. மதினி கேட்டா என்ன சொல்லப் போறீக?" என்றார் ஊர்க்காவலன்.

அப்பாவின் கை வளைந்த குச்சியால் உறுமியைத் தேய்ப்பதையும் எடுத்து முடித்தபோது, கம்மாய்க்கரைப் பக்கமிருந்து பெத்தணன் வந்தார். தோளில் பம்பை. வலது கை துண்டுக்குள் இருந்தது.

பானுவின் கழுத்தைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது.

"கேமராவ உள்ள வச்சாத்தான் வாசிப்பேன்."

குரலில் கோபம் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு பேச்சும் இல்லை. பானு கேமராவைப் பைக்குள் வைத்தாள். அதன் பிறகே அவர் துண்டை எடுத்தார்.

அந்தக் கையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவர் வேலை பார்த்த அறையில் தீப்பிடித்தது. உயிர் பிழைத்தார். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. மிச்சத் தோல் சுருங்கி வழுவழுப்பாக இருந்தது. அவர் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை, ஆடு வளர்க்கிறார். ஆனால் பம்பையை மட்டும் விடவில்லை. குச்சியை அந்தக் கையோடு ஒரு துணிப்பட்டையால் சுற்றிக் கட்டிக்கொள்வார். பல்லால் கடித்து முடிச்சை இறுக்குவார்.

கொட்டு கிளம்பியது. மற்ற மூன்று பேரும் ஓர் அடியில் சேரும் இடத்தில் பெத்தணனின் அடி ஒரு மயிரிழை தள்ளி விழுந்தது. அந்தத் தள்ளலில்தான் கேட்கிறவர்களின் கால் தானாக ஆடத் தொடங்கும்.

ஒத்திகை நடுவே தண்ணீர் குடிக்க வந்த ரத்தினசாமி, பானுவின் காதில் கிசுகிசுத்தார். "அந்தக் குட்டிச்சுவருக்குப் பின்னாடி போய் நின்னுக்கோ. தூரத்துல இருந்தே பெருசா எடுக்கலாம்ல? அவனுக்குத் தெரியவா போகுது?"

எடுக்கலாம். டீச்சர் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

பானு சுவருக்குப் பின்னால் போனாள். கேமராவை எடுத்து மேலே தூக்கிப் படத்தைப் பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பினாள். தூரத்துக் கை பக்கத்தில் வந்தது. துணிப்பட்டை, பல் கடித்த முடிச்சு, மூன்று விரல்கள் எல்லாம் திரை நிறையத் தெரிந்தன. அடி எப்போது விழும் என்று காது எண்ண ஆரம்பித்தது. அமுக்க வேண்டியதுதான்.

அவள் அமுக்கவில்லை. கேமரா பைக்குள் இருக்கிறது என்று நம்பித்தான் அந்தக் கை துண்டைவிட்டு வெளியே வந்திருக்கிறது. அது நினைவுக்கு வந்ததும் கேமராவை இறக்கிவிட்டாள்.

ஒத்திகை முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். பெத்தணன் பம்பையோடு கருவேலங்காட்டுப் பக்கம் ஆடுகளைப் பார்க்கப் போனார். பானுவும் பின்னாலேயே போனாள்.

"என்னத்தா, வால் மாதிரி வாரே?"

"மாமா, ஒண்ணு சொல்லணும். சுவருக்குப் பின்னாடி நின்னு உங்க கையப் பெருசாக்கிப் பாத்தேன். ஆனா எடுக்கல."

"தெரியும்."

"எப்படி?"

"சுவத்துக்கு மேல உன் சிவப்பு ரிப்பன் தெரிஞ்சிச்சு. கேமரா மேல வந்துச்சு. பெறகு இறங்கிருச்சு." பெத்தணன் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "ஏன் எடுக்கல?"

"உங்ககிட்டக் கேக்கலையே."

அவர் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆடு பின்னங்காலில் நின்று கருவேலங்காயை எட்டிப் பறித்தது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில மயங்கிக் கெடக்கேன்" என்றார் மெதுவாக. "கண்ண முழிச்சா, ஒரு ஆளு என் கையப் படம் எடுத்துக்கிட்டு நிக்காரு. ஒரு வார்த்த கேக்கல. மறுநா பேப்பர்ல வந்துருச்சு. கை மட்டும். நீ எடுக்கியே, அதே மாதிரி. அதுகூடப் பரவால்ல. ஒரு மாசங் கழிச்சு டீக்கடையில வடை வாங்குனேன். மடிச்சுக் குடுத்த தாள்ல என் கை. மேலெல்லாம் எண்ணெ."

"நீங்க என்ன பண்ணீக?" என்றாள்.

"வடையத் தின்னேன். பசில்ல?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கண்காட்சி, கலெக்டர், நான்கு பேர் மேளம் என்று அவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த காரணங்கள் இப்போது சின்னதாகத் தெரிந்தன. கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினாள். அவரிடம் நீட்டினாள்.

"எதுக்கு?"

"இந்தப் பொத்தானப் பாருங்க. குப்பைத்தொட்டி படம் போட்டிருக்குல்ல? இத அமுக்குனா எடுத்த படம் போயிரும்."

"எங்க போகும்?"

"எங்கயும் இல்ல. யாருக்கும் கெடைக்காது. டீச்சருக்கும், எனக்கும்கூட."

"சும்மா சொல்லாத."

பானு காய் பறிக்கிற ஆட்டைப் படம் எடுத்தாள். திரையில் காட்டினாள். "இப்ப அமுக்குங்க மாமா. கேமரா ஒருக்கா கேக்கும். நடுவுல இருக்கிறத அமுக்குனா சரின்னு அர்த்தம்."

பெத்தணன் பெருவிரலால் அமுக்கினார். திரையில் இருந்த ஆடு மறைந்தது. அவர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நிஜ ஆடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஆட்டக் காணோம்த்தா!"

"போயிருச்சு."

"இன்னொண்ணு எடு."

இன்னொரு ஆட்டை எடுத்தாள். அதையும் அழித்தார். ஒரு குட்டி, ஒரு கல், பானுவின் செருப்பு எல்லாம் வந்து வந்து மறைந்தன. அவர் முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் சந்தோஷம் தெரிந்தது.

"மாமா" என்றாள் பானு. "உங்க கைய ஒண்ணு எடுக்கட்டுமா? எடுத்ததும் கேமரா உங்க கிட்டத்தான் இருக்கும். பிடிக்கலேன்னா அழிச்சிருங்க. ஏன்னு கேக்கமாட்டேன். மறுபடி எடுக்கணும்னும் கேக்கமாட்டேன்."

காற்றில் கருவேல முள்ளும் புல்லும் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பம்பையை இடுப்பில் கட்டினார். துணிப்பட்டையைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சைப் போட்டார்.

வாசிக்க ஆரம்பித்தார். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

பானு கண்ணை மூடித் தாளத்தைக் காதில் வாங்கினாள். ஒரே ஒரு தடவை அமுக்கினாள். சொன்னபடியே, தான் பார்ப்பதற்கு முன் கேமராவை அவரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். திரை அவர் பக்கம் இருந்தது. அவள் பக்கம் அவர் முகம்தான் தெரிந்தது.

அவர் திரையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வெயில் படாமல் துண்டால் மறைத்துப் பார்த்தார். அந்தக் கையை அவர் இவ்வளவு நேரம் பார்த்து பானு அறிந்ததில்லை.

பிறகு அவர் பெருவிரல் மெல்ல நகர்ந்து, குப்பைத்தொட்டி போட்ட பொத்தானை அமுக்கியது. நடுப் பொத்தானையும் அமுக்கியது.

பானுவுக்குக் கண் கலங்கியது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. ஏன் என்று அவள் கேட்கவில்லை. மறுபடி எடுக்கட்டுமா என்றும் கேட்கவில்லை. கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "நான் வாரேன் மாமா" என்றாள்.

"செத்த நில்லுத்தா."

நின்றாள்.

"அடி விழுகல" என்றார் பெத்தணன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, யாராவது தாளம் பிசகினால் தவில்காரர் பார்ப்பாரே, அதே பார்வை பார்த்தார். "குச்சி மேலயே நிக்கி. நீ கொஞ்சம் முந்திட்டே. இதப் பாத்தா, பம்பக்காரன் குச்சியத் தூக்கிக்கிட்டுச் சும்மா நின்னான்னுல்ல சொல்லுவாக? எவனாவது நாலு விசயம் தெரிஞ்சவன் வந்தா எம்புட்டுக் கேவலம்!"

அவர் முடிச்சை அவிழ்த்தார். மறுபடி சுற்றினார். பல்லால் கடித்து, முன்னைவிட இறுக்கினார். வெயில் கையின் மேல் நேராக விழும்படி கல்லைவிட்டுத் தள்ளி வந்து நின்றார்.

"என் அடி ஒரு மயிரிழை தள்ளித்தான் விழும். அதுக்குத் தக்கன காத்திருக்கணும். தோல்ல குச்சி படுது பாரு, அந்த நேரம்... அந்த நேரத்துல ஒண்ணு எடுத்துத் தாறியா, தாயி?"